குன்னூரில் மேல்மாடி ஃப்ளாட், 10க்கு 13 அடி ஹால், புதிதாக 4கே டிவி. ஸ்பீக்கர்களை இயக்கும் பழைய 5.1 ரிசீவர் 4கே படத்தை டிவிக்குக் கடத்தவில்லை. 9.2 ரிசீவர் வாங்கலாமா? எத்தனை வாட்ஸ் பார்க்க வேண்டும்?

9.2 வேண்டாம். முதல் எண் ஸ்பீக்கர்கள், புள்ளிக்குப் பின் வருவது பேஸ் ஒலிக்கான சப்வூஃபர். அந்த ஹாலில் ஒன்பது ஸ்பீக்கரை வைத்துவிட்டு ஆட்கள் எங்கே உட்காருவது?

4கே படம் வரவில்லை என்பதற்காக மட்டும் ரிசீவரை மாற்றவும் தேவையில்லை. செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் எல்லாவற்றையும் நேராக டிவியில் செருகுங்கள். பழைய ரிசீவரின் எச்.டி.எம்.ஐ அவுட்டில் 'ஆர்க்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ 1.4இலேயே அந்த வசதி உண்டு. இருந்தால் ஒரே கேபிளில் டிவியின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வந்துவிடும். ஓடிடி படங்களுக்கு அது தாராளம். 'இ-ஆர்க்' வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். ப்ளூரே பிளேயரை டிவியில் செருகி, அதன் தரம் குறையாத ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும்போதுதான் அதற்கு வேலை.

வாட்ஸ் கணக்கு இன்னும் வேடிக்கை. 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் சத்தத்தில் வித்தியாசம் ஒரே ஒரு டெசிபெல். சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 86, 88 டெசிபெல் கொடுத்துவிடும். உங்கள் சோபா இரண்டு மீட்டரில் இருக்கப் போகிறது. 10 வாட்ஸ் தொடர்ந்து ஓடினாலே கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து கதவைத் தட்டுவார். பெட்டியில் அச்சடித்த எண்ணும் பெரும்பாலும் இரண்டு சேனல், அதாவது இரண்டு ஸ்பீக்கர், மட்டும் ஓடும்போது அளந்ததுதான்.

சரி, அப்படியானால் எதற்காக மாற்றலாம்? நம் ஊரில் அதற்கு உண்மையான காரணம் மழை. உங்களுக்கும் எனக்கும் தலைக்கு மேலே தகரக் கூரை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வசனம் காதில் விழாது. வால்யூமைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் வீடே அதிரும், குழந்தை எழுந்துகொள்ளும். வசனம் வருவது பெரும்பாலும் டிவியை ஒட்டி நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில். அதை மட்டும் தனியாக மூன்று டெசிபெல் ஏற்றுங்கள். பழைய ரிசீவரிலேயே இதைச் செய்யலாம். புதியவற்றில் கூடுதலாக, மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அடக்கும் வசதி இருக்கும். டெனான், மரான்ட்ஸில் அதற்கு 'டைனமிக் வால்யூம்' என்று பெயர். எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்க அது ஆனில்தான் இருக்கும். இசை கேட்கும்போது மட்டும் அணைத்துவிடுவேன், பாட்டு தட்டையாகிவிடும்.

அப்புறம், மைக் வைத்து அறைக்கு ஏற்றபடி ஒலியைத் திருத்தும் வசதி. சின்ன ஹாலில் பேஸ் மூலையில் சேர்ந்து 'கும்'மென்று நிற்கும். அதை ஓரளவு அடக்கும். மழை இல்லாத நேரமாகப் பார்த்து, ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சப்வூஃபர் 8 இஞ்ச் போதும். அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள், தளம் வழியாகக் கீழே அதிர்வு இறங்குவது குறையும்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் அட்மாஸ் மீது ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை. கூரையில் மோதித் திரும்பும்படி மேல் நோக்கிப் பாடும் ஸ்பீக்கர்களுக்கு மட்டமான, கெட்டியான சீலிங் வேண்டும். நம் சரிவான மரப்பலகை சீலிங்கில் ஒலி எங்கேயோ போய்விடும். முன் சுவரில் உயரமாக இரண்டு சின்ன ஸ்பீக்கர் மாட்டி 5.1.2 ஆக்குங்கள், கடைசி 2 அந்த உயர ஸ்பீக்கர்கள்தான். ஏழு சேனல் ரிசீவர் அதற்குப் போதும்.

மாடல் கேட்டால்: டெனான் எக்ஸ்1800எச், 7.2, 80 வாட்ஸ். நான் வாங்கினால் இதுதான். டிவி அலமாரியில் உயரம் போதவில்லை என்றால் மரான்ட்ஸ் சினிமா 70எஸ், ஒல்லியான உடம்பு, 50 வாட்ஸ், இந்த ஹாலுக்கு அதுவே மிச்சம். யமஹா ஆர்எக்ஸ்-வி4ஏ 5.2 தான், அட்மாஸ் கிடையாது.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மரம் விழுந்து லைன் போய்த் திரும்ப வரும்போது வோல்டேஜ் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டெபிலைசர் போடுங்கள். இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். அதன் வழியாக வந்தும் எச்.டி.எம்.ஐ போர்ட் எரிந்து போகும். ஈரம் ஊறும் வெளிச்சுவரை ஒட்டி ரிசீவரை வைக்காதீர்கள். ஸ்பீக்கர் ஒயரின் செம்பு முனை பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவி, ஒயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போட்டுச் செருகுங்கள்.

பெட்டியையும் தெர்மோகோலையும் பரண்மேல் போட்டு வையுங்கள். சர்வீஸ் என்று வந்தால் பர்லியாறு மலைப்பாதை வளைவுகளில் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்க முடியாது.