வெள்ளவத்தையில் வாடகை வீட்டை இணையத்தில் எப்படித் தேடுவது?

அம்மா அப்பாவோடு இருக்க இரண்டு அறை வீடு வேண்டும், இக்மன் (ikman.lk) விளம்பரத் தளத்தில் தேடித் தேடிக் களைத்துவிட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தேடும் சொல்லை மாற்றிப் பாருங்கள். வெள்ளவத்தையை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் e எழுத்தில் முடிப்பார்கள் (Wellawatte), சிலர் a எழுத்தில் (Wellawatta). வேறு சிலர் அஞ்சல் வலயத்தை வைத்து ‘கொழும்பு 6’ என்று மட்டும் போடுவார்கள். மூன்றையும் தனித்தனியாகத் தேடினால்தான் எல்லாம் அகப்படும். பாமன்கடையும் கொழும்பு 6தான், அதையும் விடாதீர்கள்.

அப்புறம், படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே ஜன்னல் கம்பி, ஒரே குசினி டைல்ஸ், ஆனால் மூன்று தொலைபேசி எண், மூன்று வாடகை. எனக்கு இப்படித்தான் நடந்தது: ஒரே வீட்டை மூன்று தரகர்கள் போட்டிருந்தார்கள். வாடகை குறைவாக இருந்ததைப் பிடித்து, ‘உரிமையாளரோடு பேசலாமா?’ என்று கேட்டேன்.

பிரதான சாலையான காலி வீதியிலிருந்து (Galle Road) எத்தனையாவது வீடு, லிஃப்ட் உண்டா, தண்ணீர், கரண்ட் பில் தனியா, எத்தனை மாத அட்வான்ஸ் என்று போனிலேயே கேளுங்கள். வயதானவர்களுக்கு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி சரிவராது. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.