மிகை என்பது எதற்கு மிகை? (கேள்வி பதில்)

‘மிகை’ என்ற சொல்லையும் அதன் உறவுச் சொற்களையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிறர் எழுதியதைத் திருத்துவது என் தொழில் என்பதால், இலக்கண நூல் சொல்வதோடு, எழுதுகிறவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ‘மிகுதி’, ‘மிகை’ இரண்டும் ‘மிகு’ என்னும் ஒரே வேரிலிருந்து வந்தவைதானே? ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பதில்: வேர் ஒன்றுதான், ஆனால் இன்றைய வழக்கில் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை. ‘மிகுதி’ ஒரு பொருள் நிறைய இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ‘மிகை’யோ, இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலே போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்கிறது. ‘மழை மிகுதி’ என்பது செய்தி. ‘மிகை மழை’ என்றால் வேண்டிய அளவைத் தாண்டிய மழை.

ஒருமுறை பாராட்டு விழா அழைப்பிதழ் ஒன்று என் மேசைக்கு வந்தது. ‘அன்னாரின் தொண்டு அறிஞர் பலரால் மிகையாகப் பாராட்டப்பட்டுள்ளது’ என்று அதில் இருந்தது. எழுதியவர் ‘மிகவும்’ என்பதற்கு இன்னும் கம்பீரமான சொல்லாக அதைத் தேர்ந்திருக்கிறார். படிப்பவருக்கோ, அந்தத் தொண்டுக்கு அவ்வளவு பாராட்டுத் தகாது என்றே பொருள்படும். ‘மிகையாக’ என்பதை அடித்துவிட்டுப் ‘பெரிதும்’ என்று எழுதினேன். அழைப்பிதழை எழுதியவர் சற்று வருத்தத்தோடுதான் ஒப்புக்கொண்டார்.

கேள்வி: ‘என்றால் அது மிகையாகாது’ என்ற தொடரைப் பயன்படுத்தலாமா?

பதில்: இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ‘நான் சொல்வது உண்மையின் அளவைத் தாண்டவில்லை’ என்பதே அதன் பொருள். ஆனால் இத்தொடர் வருகிற பத்து இடங்களில் ஒன்பதில், சொல்லப்பட்டது மிகையாகத்தான் இருக்கிறது. எழுதியவருக்கே ஐயம் தோன்றிய இடத்தில் இது தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. உண்மையான செய்தியாக இருந்தால் இந்தக் காவல் அதற்குத் தேவையில்லை. நான் பார்க்கும் கட்டுரைகளில் பெரும்பாலும் இதை எடுத்துவிடுகிறேன்.

கேள்வி: கணக்குப் பாடத்தில் 1, 2, 3 ஆகியவற்றை ‘மிகை எண்கள்’ என்கிறார்கள். ஒன்று என்ற எண்ணில் அப்படி என்ன மிகை இருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. மேலே சொன்ன அளவுகோலை இங்கேயும் வைத்துப் பாருங்கள். இங்கே அளவு என்பது சுழி. சுழிக்கு மேலே இருப்பது எவ்வளவு சிறிதாயினும் மிகை. கீழே இருப்பது எவ்வளவு பெரிய இலக்கமாகத் தோன்றினாலும் குறை. ஆகவே 1 மிகை எண், −1000 குறை எண். ‘மிகை’ என்றவுடன் ‘நிறைய’ என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. இதே இரட்டையைப் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் இயற்றிய வடமொழி நூலில் செல்வம், கடன் என்ற பொருள்படும் சொற்களால் குறித்தார். தமிழ்ச் சொற்கள் பணத்தைத் தொடாமல், மேலும் கீழுமாக நிற்பதை மட்டும் காட்டுகின்றன.

கேள்வி: திருக்குறளில் ‘மிகை’, ‘மிகுதி’ என்று வருமிடங்களில் எல்லாம் ‘அதிகம்’ என்றே பொருள் கொள்ளலாமா?

பதில்: கொண்டால் பல குறள்கள் பொருளற்றுப் போகும். நான்கைந்து இடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ (504) என்பதில் பழிப்பு எதுவும் இல்லை. ஒருவனுடைய குணத்தை ஒரு தட்டிலும் குற்றத்தை மறு தட்டிலும் இட்டு, எது கனக்கிறதோ அதைக் கொண்டு அவனை மதிப்பிடச் சொல்கிறது. அங்கே மிகை என்பது தராசின் தாழ்ந்த தட்டு. ஆனால் ‘பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை’ (345) என்னும்போது, அதே சொல் ‘வேண்டாத சுமை’ ஆகிவிடுகிறது. பிறவியை அறுக்கப் புறப்பட்டவனுக்கு உடம்பே கூடுதல் பாரம் என்றால், அதற்கு மேலும் ஒரு தொடர்பு எதற்கு என்பது கேள்வி. ‘உடம்பு நிறைய’ என்று யாரும் அங்கே பொருள் கொள்ள மாட்டார்கள்.

‘மிகுதி’ இன்னும் விலகிப் போகிறது. ‘மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாந்தம் தகுதியான் வென்று விடல்’ (158) என்ற குறளில் மிகுதி என்பது செருக்கு. மிக்கவை என்பன அந்தச் செருக்கால் பிறருக்குச் செய்த தீங்குகள். ‘மிகுதி’க்கு எதிரே ‘தகுதி’யை நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள்: தக்க அளவில் நிற்பது தகுதி, அதைத் தாண்டியது மிகுதி. நட்பைப் பற்றிய குறளில் (784) ‘மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்று வருவதும் இவ்வழியே. நண்பன் நெறி தாண்டும்போது முந்திச் சென்று கண்டிப்பதற்கே நட்பு என்கிறார்.

இவ்வளவு பழிப்பை ஏற்ற அதே வேர், ‘தாம்கற்ற மிக்காருள் மிக்க கொளல்’ (724) என்னுமிடத்தில் ‘மிக்கார்’ ஆகி, நம்மினும் கற்றுயர்ந்தவரைக் குறிக்கிறது. உயர்வும் மீறலும் ஒரே வேரில் இருப்பது முரண் அல்ல. ஓர் அளவுக்கு மேலே நிற்பது என்பதுதான் வேர்ப்பொருள். அப்படி நிற்பது நல்லதா கெட்டதா என்பதை, எந்த அளவுக்கு மேலே என்பதே முடிவு செய்கிறது.

கேள்வி: மயிலிறகு வண்டிக் குறளில் ‘சால மிகுத்து’ என்று இருக்கிறதே, ‘சால’ என்றாலும் மிகுதிதானே? வள்ளுவர் கூறியது கூறலாமா?

பதில்: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்’ (475). வெறுமனே ‘மிகுத்துப் பெயின்’ என்றிருந்தால் மயிலிறகுக்கு அது போதாது. வேறு சரக்கு என்றால் அளவுக்குச் சற்று மேலே போனதுமே அச்சு முறிந்துவிடும். மயிலிறகோ தாண்டிய பிறகும் நெடுந்தூரம் தாண்ட வேண்டும். ‘மிகுத்து’ எல்லை கடந்ததைச் சொல்கிறது, ‘சால’ எவ்வளவு தூரம் கடந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டு சொல்லுக்கும் இரண்டு வேலை இருப்பதால் இது கூறியது கூறல் ஆகாது.

கேள்வி: ‘சால உறு தவ நனி’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அவற்றில் எவை இன்னும் உயிரோடு இருக்கின்றன?

பதில்: ‘உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள’ என்பது தொல்காப்பியம். ‘சால உறுதவ நனிகூர் கழிமிகல்’ என்று நன்னூல் (456) அந்த மூன்றை ஆறாக்கிற்று.

‘சால’ எழுத்து நடையில் நன்றாகவே வாழ்கிறது: சாலச் சிறந்தது, சாலப் பொருந்தும். தெலுங்கில் அதற்கு நேரான ‘சாலா’ அன்றாடப் பேச்சுச் சொல். ‘உறு’ என்பது ‘உறுபசியும் ஓவாப் பிணியும்’ (734) என்ற குறளில் கடும்பசியைக் குறிக்கிறது. இன்று அதைத் தனியாக யாரும் ஆள்வதில்லை. ‘நனி’ செய்யுளோடு நின்றுவிட்டதாக நினைப்போம். ஆனால் பாரதியார் ‘நற்றவ வானினும் நனி சிறந்தனவே’ என்று எழுதியதால் இருபதாம் நூற்றாண்டுக்கும் வந்து சேர்ந்தது. ‘கூர்’ என்பது அன்புகூர்ந்து, நினைவுகூர்ந்து என்ற தொடர்களில் தன் பொருள் மறந்து வாழ்கிறது. ‘அன்புகூர்ந்து’ என்று கடிதம் எழுதுபவர் ‘அன்பு மிகுந்து’ என்று சொல்வதாக நினைப்பதில்லை. ‘கழி’ என்பது ‘கழிபேருவகை’ போன்ற தொடர்களில் மட்டும் தலைகாட்டுகிறது. ‘கழிதல்’ என்றால் கடத்தல். அளவைக் கடந்ததால் மிகுதி. ‘இறத்தல்’ என்பதும் இப்படித்தான்: ‘இறந்த வெகுளி’ (531) என்பது செத்துப்போன கோபம் அன்று, எல்லை கடந்த கோபம்.

‘தவ’ மட்டும் முழுதும் மறைந்துவிட்டது. ‘ஈயாது வீயும் உயிர்தவப் பலவே’ என்று புறநானூற்றில் (235) வருவதைப் படிக்கும் மாணவர் பலர், தவம் செய்யும் உயிர்கள் என்று பொருள் எழுதிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறருக்கு ஒன்றும் கொடாமலே மடிகிற உயிர்கள் மிகப் பல என்பதே அதன் பொருள்.

கேள்வி: பேச்சில் ‘ரொம்ப’ என்கிறோம். அது தமிழா?

பதில்: ‘நிரம்ப’ என்பதன் திரிபு, தமிழேதான். ‘ஜாஸ்தி’, ‘கம்மி’ இரண்டும் பாரசீகத் தொடர்புடையவை, இந்துஸ்தானி வழியாக வந்தவை.

கேள்வி: ‘மிக’, ‘மிகவும்’, ‘மிக்க’, ‘மிகுந்த’ ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் எப்போது மிகும்?

பதில்: ‘மிக’ என்பதன் பின் மிகும்: மிகப் பெரிய, மிகச் சிறிய. ‘மிக்க’, ‘மிகுந்த’ பெயரெச்சங்கள் ஆகையால் மிகாது: மிக்க புகழ், மிகுந்த சிரமம். ‘மிகவும்’ மெய்யில் முடிவதால் இரட்டிக்க இடமே இல்லை. பெயரெச்சம் பெயரைத்தான் தழுவும் என்பதால் ‘மிக்க நன்றி’ சரி, ‘மிக்க அழகாக’ தவறு.

கேள்வி: ‘மிச்சம்’ என்றால் எஞ்சியது. எஞ்சுவது குறைவாகத்தானே இருக்கும்? அதற்கும் ‘மிகு’ என்பதற்கும் என்ன உறவு?

பதில்: தேவைக்கு மேலே இருந்தால்தானே எஞ்சும்! ‘மிகு’ என்பதன் இனமான ‘மிஞ்சு’ என்ற வினைக்கு இரண்டு பொருளும் உண்டு: அளவைத் தாண்டுதல், செலவு போக நிற்றல். எஞ்சு, எச்சம், எச்சில் என்றொரு வரிசையும், மிஞ்சு, மிச்சம், மிச்சில் என்றொரு வரிசையும் தமிழில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. முதல் வரிசை போனதை எண்ணிப் பார்த்து மீந்ததைச் சொல்கிறது. இரண்டாவது, போதுமான பிறகும் இருப்பதைச் சொல்கிறது. ‘மிச்சம் பிடித்தான்’ என்றால் சேமித்தான் என்பது இதனால்தான்; ‘எச்சம் பிடித்தான்’ என்று சொல்ல முடியாது. ‘விருந்தோம்பி மிச்சில் மிசைவான்’ (85) என்ற குறளிலும் விருந்தினர் உண்ட பின் மீந்ததுதான் மிச்சில். எச்சில் என்று வள்ளுவர் சொல்லவில்லை.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது அதிகம், கூடுதல், உபரி, மிகை ஆகியவற்றுள் எதை எடுப்பது என்று தடுமாறுகிறேன்.

பதில்: முதலில், பழிப்பு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘கூடுதல்’ பழிப்பே அற்றது. ஏற்கெனவே இருப்பதோடு சேர்வது. ‘கூடுதல் ஆட்சியர்’ என்ற பதவிப் பெயரை ‘மிகை ஆட்சியர்’ என்று மாற்றிப் பாருங்கள், அவருக்கு வேலையே இல்லை என்றாகிவிடும். ‘உபரி’ என்பது தேவை போக மீந்து, வேறு வழியில் போகக் காத்திருப்பது. அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீர் உபரி நீர். ‘அதிகம்’ வடமொழிச் சொல்லாயினும் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற பொதுச்சொல். பழிப்பு வேண்டும்போது அதுவே ‘அதிகப்படி’ ஆகிவிடும், ‘அதிகப்பிரசங்கி’யில் முழுப் பழிப்பாகவும் மாறிவிடும். மதிப்பீடு, நடிப்பு, உணர்ச்சி போன்றவற்றின் முன்னே, தக்க அளவு இது என்று வாசகருக்கே தெரிந்த இடத்தில் ‘மிகை’யை வையுங்கள்: மிகை மதிப்பீடு, மிகை நடிப்பு. இலங்கை வாசகருக்கு எழுதினால், அங்கே ‘கூட’ என்ற சொல்லே ‘அதிகம்’ என்று பொருள்படுவதை நினைவில் வைப்பது நல்லது.

கேள்வி: கவிஞர்கள் மிகைப்படுத்தினால் அணி என்கிறோம், மற்றவர்கள் செய்தால் பொய் என்கிறோம். இது ஓரவஞ்சனை இல்லையா?

பதில்: அணியிலக்கணம் கவிஞரைச் சும்மா விடவில்லை. பள்ளிப் பாடத்தில் உயர்வு நவிற்சி அணி என்று படிப்பதைத் தண்டியலங்காரம் அதிசய அணி என்கிறது. அதை விளக்கும்போது ‘உலகுவரம்பு இறவா’ நிலையில் இருக்க வேண்டும், ஆன்றோர் வியக்க வேண்டும் என்று வேலி போடுகிறது. கேட்பவருக்கும் அது மிகை என்று தெரியும், நம்ப வைப்பது நோக்கமும் அன்று. சரக்கை விற்க மிகைப்படுத்துகிறவர் நம் நம்பிக்கையைக் கேட்கிறார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ‘மிகைபடக் கூறல்’ நூலுக்குக் குற்றம் என்கிறார்கள். அப்படியானால் தொல்காப்பியத்திலேயே வேண்டாத சொற்கள் இருப்பதாக உரையாசிரியர்கள் சொல்வது எப்படி?

பதில்: நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல், அடுத்தது மிகைபடக் கூறல். தொல்காப்பிய மரபியலும் இதைக் குற்றமாகவே சொல்கிறது. ஆகவே உரையாசிரியர்களுக்கு ஒரு சங்கடம்: நூற்பாவில் இல்லாமலே பொருள் விளங்குகிற சொல் ஒன்று நிற்கும், ஆசிரியர்மீது குற்றம் சொல்லவும் மனம் வராது. அதனால் அச்சொல்லைக் காரணமின்றி அவர் வைக்கமாட்டார் என்று கொண்டு, நூற்பா வெளிப்படையாகச் சொல்லாத வேறொரு விதியை அதிலிருந்து எடுத்தார்கள். இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘வேண்டாது கூறி வேண்டியது முடித்தல்’. சில இடங்களில் இப்படி எடுத்த விதி மிகவும் பொருத்தமாக இருக்கிறது. சில இடங்களில், மொழி மாறிய பின் தமக்குத் தேவைப்பட்ட புது விதியைப் பழைய நூற்பாவிலேயே ஏற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.