மத்தியதரைக் கடல் காஞ்சு போச்சா? கேளுங்க, சொல்றேன்

ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கடல் ஒரு காலத்துல வத்திப்போச்சுன்னு சொன்னதும் ஆளாளுக்கு கேள்வி, பாதி கிண்டல் வேற. பரவால்ல, வாங்க.

கேள்வி: அக்கா, நைல் நதியே அதுலதானே விழுது, எப்படி வத்தும்?

நைல், பிரான்ஸ் பக்கமிருந்து வர்ற ரோன் நதி, மழை எல்லாம் சேந்தாலும் பத்தாது தம்பி, ஆவியா போறது அதைவிட ஜாஸ்தி. குறையை ஈடுகட்டுறது அட்லாண்டிக்தான், ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவுல இருக்கிற ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியா, அந்த வாசலும் குறுகலான இடத்துல 14 கிலோமீட்டர்தான். ஆப்பிரிக்கா ஐரோப்பாவை நெருக்கி அந்தப் பக்கம் நிலம் மேல எழும்பவும், அட்லாண்டிக் தண்ணி வரத்து குறைஞ்சு, 59.7 லட்சம் வருஷம் முன்னாடி வாக்குல கடல் உப்பேற ஆரம்பிச்சுது.

கேள்வி: ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா தியரியா?

1970-ல குளோமர் சேலஞ்சர்னு ஒரு கப்பல் ஆழ்கடல் தரையில துளை போட்டுச்சு, கென்னத் ஷூ, பில் ரயன், மரியா சீட்டான்னு புவியியலாளருங்க எல்லாம் அதுல இருந்தாங்க. மேல வந்தது ஜிப்சமும் உப்பும். தூத்துக்குடி உப்பளத்துல கேட்டுப் பாருங்க, தண்ணி சுண்டச் சுண்ட முதல்ல ஜிப்சம் படியும், அப்புறம்தான் உப்பு பூக்கும்னு சொல்வாங்க. அதே வேலைதான் அங்கயும், ஆனா சில இடத்துல உப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல கனம்.

கேள்வி: கணக்கு இடிக்குதே மேடம், அவ்ளோ உப்பு ஏது?

நல்ல கேள்வி. ஒருதடவை மொத்தமா காஞ்சா சராசரியா ஒரு 25 மீட்டர் உப்புதான் மிஞ்சும். அப்ப அட்லாண்டிக் தண்ணி கசிஞ்சு கசிஞ்சு வந்துட்டே இருந்திருக்கணும், இல்லேனா பலதடவை நெறஞ்சு வத்தியிருக்கணும். தரை தெரியுற அளவுக்கு காஞ்சுதா, இல்ல அடியில உப்பு ஏரி கிடந்துதாங்கிற சண்டை இன்னும் ஓயல. நான் ரெண்டாவது கட்சி.

கேள்வி: அப்ப நைல் என்னாச்சு?

எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். கடல் மட்டம் கீழ போனதும் நைலும் அதைத் துரத்திட்டு நிலத்தை அறுத்துக்கிட்டே இறங்கிருச்சு, கெய்ரோவுக்கு அடியில ரெண்டு கிலோமீட்டருக்கும் ஆழமான பள்ளத்தாக்கு புதைஞ்சு கிடக்கு. எகிப்தோட தெக்கால அஸ்வான் அணை கட்டுறப்ப துளை போட்டாங்க, சுமாக்கோவ்னு ஒரு ரஷ்ய புவியியலாளர் பாத்தா, ஆத்துப் படுகைக்குக் கீழ ஆழத்துல கடல் சேறு! கடல் அங்கேருந்து எவ்ளோ தூரம்னு மேப்ல பாருங்க. பள்ளத்தாக்கு வெட்டுப்பட்டதுக்கு அப்புறம் கடல் அதுவழியா உள்ள ஏறி வந்திருக்கு.

கேள்வி: திரும்ப எப்படி ரொம்புச்சு?

53.3 லட்சம் வருஷம் முன்னாடி ஜிப்ரால்டர் பக்கம் அடைச்சிருந்த நிலம் உடைஞ்சுது. 2009-ல வந்த ஒரு கணக்குப்படி 90 சதவீதத் தண்ணி சில மாசத்துலேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வந்திருக்கும், உச்சத்துல நாளுக்கு 10 மீட்டர் கூட மட்டம் ஏறியிருக்கலாம். அருவி மாதிரி செங்குத்தா கொட்டலப்பா, படத்துல காட்டுறதை நம்பாதீங்க, சரிவுல அறுத்துக்கிட்டு ஓடினதுதான்.

கேள்வி: நம்ம பாக் ஜலசந்தியும் காஞ்சு கிடந்துச்சாமே?

ஆமா, ஆனா அது வேற கதை. 20,000 வருஷம் முன்னாடி பனியுகத்துல உலகம் பூரா கடல் மட்டம் 120 மீட்டர் மாதிரி கீழ, அந்த ஆழமில்லாத இடமெல்லாம் தரையா இருந்துச்சு. இங்க ஆவியாகி வத்தல, தண்ணி பனியா போய் நிலத்துல உக்காந்துக்கிச்சு.

கேள்வி: அந்த உப்பை நேர்ல பாக்க முடியுமா?

சிசிலில அக்ரிஜெண்டோ பக்கம் ரியல்மோன்டே சுரங்கம். சுவர்ல வெள்ளையும் கறுப்புமா வரிவரியா இருக்கும், உள்ளயே உப்பைக் குடைஞ்சு ஒரு சர்ச் வேற. வேலை நடக்கிற சுரங்கம், அனுமதி கேட்டுட்டு போங்க.