ஜிப்ஸியை 2 இஞ்ச் தூக்கினேன், உதறுகிறது!

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் அடி தட்டுகிறதே என்று சேலத்தில் ஒரு கடையில் 2 இஞ்ச் சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டேன். பழைய பட்டையையே (லீஃப் ஸ்பிரிங்) வைத்துக்கொண்டு, அதன் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் சாக்கிளை மட்டும் நீளமாக மாற்றினார்கள். அன்றிலிருந்து ஓமலூர் ரோட்டில் 60-ஐத் தாண்டினால் வண்டி உதறுகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் குறைகிறது. 'வீல் பேலன்ஸிங் பண்ணுங்க, சரியாயிடும்' என்கிறார் கடைக்காரர். இரண்டு முறை பண்ணியாயிற்று. பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பதில்: முதலில் ஒன்று, பேலன்ஸிங்குக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் குறை என்றால் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் அதே வேகத்தில் அதே உதறல்தான் இருக்கும். காலை எடுத்ததும் குறைகிறது என்றால் சந்தேகம், என்ஜின் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மேல்தான் போக வேண்டும்.

ஷாஃப்டின் இரு முனையிலும் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்று சொல்லும் ஜாயின்ட் இருக்கிறது. சாய்வாகச் சுற்றும்போது அதற்கு ஒரு குணம் உண்டு. உள்ளே வருகிற வேகம் ஒரே சீராக இருந்தாலும், வெளியே போகிற வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடும், இரண்டு முறை குறையும். 10 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரி ஆனால் 6 சதவீதம். மறுமுனையில் உள்ள கிராஸும் அதே அளவு சாய்ந்திருந்தால், முதல் கிராஸ் பண்ணிய கூத்தை அது நேர்செய்துவிடும். கம்பெனியிலிருந்து வண்டி வரும்போது அப்படித்தான் வருகிறது.

நீங்கள் தூக்கியபோது, சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சேஸிஸோடு மேலே போய்விட்டது. ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள பின் ஆக்சில் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஷாஃப்ட் முக்கால் மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 2 இஞ்சுக்குச் சாய்வு ஏறக்குறைய 4 டிகிரி கூடும். ஜிப்ஸியின் வீல்பேஸே 2,375 மில்லிமீட்டர்தான், ஷாஃப்டும் அதற்கேற்றபடி குட்டை. நீளமான வண்டியில் இதே 2 இஞ்ச் இவ்வளவு தெரியாது.

ஆனால் உங்கள் வண்டியில் பெரிய வினை சாக்கிள்தான். வளைவு அதிகமான புதுப் பட்டை போட்டிருந்தால் ஹவுசிங் திரும்பாது, இரண்டு கிராஸும் சமமாகவே சாயும். சாக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டும் இறக்குகிறது. அதனால் ஹவுசிங் கொஞ்சம் சுழன்று, ஷாஃப்ட் அதில் வந்து சேரும் பினியனின் மூக்கு நிமிர்ந்துவிடும், முன்கிராஸ் ஒரு சாய்வு, பின்கிராஸ் வேறு சாய்வு என்றாகும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பட்டை முறுக்கி மூக்கு இன்னும் நிமிரும், விட்டால் இறங்கும். நீங்கள் காலை எடுத்ததும் உதறல் அடங்குவது அதனால்தான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும், ஜாக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும். கைபேசியில் சாய்வு காட்டும் ஆப் இருக்கிறதே, அதை டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சின் (ஷாஃப்டை மாட்டும் தகடு) முகத்தில் ஒட்டி வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பினியன் ஃபிளாஞ்சில் அதே மாதிரி. இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், 1 டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. 4, 5 என்று வந்தால் கடைக்காரரிடம் படம் பிடித்துக் காட்டுங்கள்.

வைத்தியம்: பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து மூக்கைப் பழைய கோணத்துக்கு இறக்குவது. (ஆப்பு வைப்பது என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம், இங்கே அதுதான் மருந்து.) பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட்டை முறையாக முறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். ஜிப்ஸியில் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையில் இன்னொரு குட்டி ஷாஃப்ட் இருக்கிறது. லிஃப்ட் அதைத் தொடவில்லை, இறக்கினால் அதுவும் சாயும்.

சரி, பணம். வீல் பேலன்ஸிங் பில், லிஃப்ட் பில், எடுத்த படம் எல்லாவற்றையும் வைத்து, செலவில்லாமல் சரிசெய்து தரும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம். அடுத்தது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஒரு சிக்கல் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரை போகலாம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கிளப்பக்கூடும். பேசித் தீர்ப்பதுதான் உங்களுக்கு லாபம் என்று நான் சொல்வது அதனால்.

கேள்வி: 2020-க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார் என்னுடையது. கல் பாதையில் பின்பக்க ஹவுசிங் இடிக்கிறது. லிஃப்ட் போட்டால் தீருமா?

பதில்: தீராது. பின்னால் இருப்பது ஒரே கட்டையான ஆக்சில். லிஃப்ட் உடம்பைத்தான் தூக்கும், ஹவுசிங்குக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். அது டயர் பெரிதானால்தான் கூடும், அதுவும் விட்டம் கூடியதில் பாதி. முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் என்பதால், தூக்கினால் சக்கரத்துக்குப் போகிற சின்ன ஷாஃப்டுகள் சாய்ந்து, அவற்றின் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். பூட் கிழிந்து மண் புகுந்தால் ஜாயின்ட் போச்சு. அந்தக் காசுக்குக் கீழ்த்தகடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே லிஃப்ட் போட்ட மஹிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெயின்டைப் பார்க்காதீர்கள், கீழே படுங்கள். கிராஸின் மூடியைச் சுற்றி செம்பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் அரைபட்டிருக்கிறது. ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள், 'டக்' என்று ஆடக் கூடாது. ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம் தரும் ஸ்ப்லைனை (ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் வெட்டிய பகுதி) பாருங்கள். வண்டி உயர்ந்தால் ஷாஃப்ட் நீள வேண்டும், அதனால் ஸ்ப்லைன் வெளியே இழுபட்டிருக்கும். சமதளத்தில் நிற்கும்போதே பாதி வெளியே வந்திருந்தால், தோட்டத்துப் பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கும்போது கழன்றே விழலாம். அப்படியென்றால் லேத்தில் ஷாஃப்டை நீளம் கூட்டி, பேலன்ஸ் பண்ணும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதை ஏற்காடு மலைப்பாதையில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி 30-இல்தான் போகும், ஷாஃப்ட் வாய் திறக்காது. அடிவாரம் இறங்கி நாற்கரச் சாலையில் 70 வரை போய், அங்கே காலை எடுத்துப் பாருங்கள்.