சாலைக் கணக்கு கேட்டதற்கு வக்கீல் நோட்டீஸா?

ஏற்காடு மலைக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர்: "எங்கள் ஊருக்குப் போட்ட தார்ச்சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. படம் பிடித்து, 'இந்தக் காசை யார் தின்றது?' என்று ஃபேஸ்புக்கில் எழுதினேன். அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவரின் பெயரையும் போட்டேன். 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பதிவை எடுத்துவிட்டு மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்தும் போன். என்ன செய்வது?"

போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவதூறு (பி.என்.எஸ். எனப்படும் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356) போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அல்ல. அந்த முன்னாள் தலைவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு ஒரு வக்கீலோடு போங்கள், புகார் வந்திருந்தால் சி.எஸ்.ஆர். (புகார் பதிவு ரசீது) நகல் கேளுங்கள். மன்னிப்பு என்று எதையும் எழுதித் தராதீர்கள். நாளை சிவில் கோர்ட்டில் அந்தத் தாளைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள்.

நோட்டீஸுக்கு வருவோம். மலையிலிருந்து இறங்கும்போது அஸ்தம்பட்டியில் மத்திய சிறையைப் பார்த்திருப்பீர்கள். தொடர் கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரை 1995இல் தூக்கிலிட்டது அங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டு, அவருடைய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் மிரட்டிய வழக்கில் (ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994) உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்று உங்களுக்குக் கை கொடுக்கிறது. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறு என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. பதவியில் இருப்பவரும், பதவிக் கடமை சம்பந்தப்பட்ட விஷயத்தில், எழுதியது பொய் என்பதோடு உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதப்பட்டது என்றும் நிரூபித்தால்தான் ஜெயிக்கலாம். நியாயமான அளவுக்கு விசாரித்துவிட்டு எழுதினேன் என்று நீங்கள் காட்டினாலே போதும். சாலை போட்டது பதவிக் கடமை, அதில் சந்தேகமில்லை.

சிக்கல் உங்கள் 'தின்றது'வில் இருக்கிறது. சாலை பெயர்ந்ததற்குப் படம் இருக்கிறது. காசு தின்றதற்கு என்ன இருக்கிறது? பக்கத்திலேயே பெயரையும் போட்டுவிட்டீர்கள். கேள்விக்குறி போட்டால் குற்றச்சாட்டு ஆகாது என்று நினைக்க வேண்டாம். கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்டனை 2 ஆண்டு வரை போகலாம். பொது ஊழியரின் பணியைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த நல்லெண்ணத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அதனால் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் 'சாலைச் செலவுக் கணக்கைக் காட்டுங்கள்' என்று மாற்றுங்கள். படம் அப்படியே இருக்கட்டும். அப்புறம், ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு: மதிப்பீடு, எம்-புக் (வேலையின் அளவுகளைக் குறிக்கும் பதிவேடு), பில் நகல்கள் வேண்டும் என்று. சாலையில் போட்ட பொருளின் மாதிரியைக்கூடச் சான்றோடு கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, பலருக்கு இது தெரியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் நோட்டீஸ் அதுவரை காத்திருக்காது. அதில் சொன்ன கெடுவுக்குள், மனுவின் நகலையும் இணைத்து, வக்கீல் மூலம் பதில் அனுப்பிவிடுங்கள்.