டிஜிட்டல் தொழில்நுட்பம் வகுப்பறையில் உண்மையில் எதை மாற்றியிருக்கிறது?

தமிழ்நாட்டு அரசுப் பாடநூலையே எடுத்துக்கொள்வோம். 2018-இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய புத்தகங்களில் கியூஆர் கோடு இருந்தது. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கணிதப் புத்தகத்தில் உள்ள, ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் செய்து பார்க்கும் செயல்பாடுகள்தான். கரும்பலகையில் வரைந்த முக்கோணம் அசையாது. திரையில் அதன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். மாணவர் தானே இழுத்துப் பார்க்கும்போது ‘இது மட்டும் ஏன் மாறவில்லை?’ என்ற கேள்வி அவரிடமிருந்தே வருகிறது. அப்புறம் நிரூபணத்தைச் சொல்லித் தருவது எளிது. இதையே காணொளியாக ஓடவிட்டால் பிள்ளைகள் பழையபடி வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

சரி, வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள்? 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது அவர்களுக்கும் பாடங்களைக் கொண்டு சேர்த்தது. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே! அதனால்தான் கருவிகள் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை, அவற்றை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்களின் பயிற்சிக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்கிறேன்.