மூலம் முற்றினால் மலக்குடல் புற்றுநோய் ஆகுமா? அந்நோய்க்கு உண்மையான காரணங்கள் எவை?

மூலம் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டிலும் மலத்தோடு இரத்தம் போவதால்தான் இந்தக் குழப்பம். ‘மூலம்தானே’ என்று களிம்பு தடவியே மாதங்களைக் கடத்திவிடுவதுதான் ஆபத்து.

பெருங்குடலின் கடைசி 15 செ.மீ. அளவிலான பகுதியே மலக்குடல். அதன் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகவே இந்நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் ஏபிசி போன்ற மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதடையும்போது, பட்டாணி அளவில் வலியின்றி இருக்கும் அச்சதை, ஏறத்தாழ 10 ஆண்டுகளில் புற்றாக மாறக்கூடும். எல்லாப் பாலிப்புகளும் அப்படி மாறுவதில்லை. மாறக்கூடியதையும், ஆசனவாய் வழியே கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனாஸ்கோப்பியின்போதே கம்பிச் சுருக்கில் மாட்டி அறுத்தெடுத்துவிடலாம்.

மரபணுக்கள் ஏன் பழுதடைகின்றன என்பதற்கு ஒற்றை விடை இல்லை. வயது முதன்மையானது, 50-ஐத் தாண்டியவர்களிடமே இந்நோய் மிகுதி என்றாலும், பல நாடுகளில் இளையவர்களிடமும் கூடிவருவதால் அமெரிக்காவில் 2021-இல் பரிசோதனை தொடங்கும் வயது 45 ஆகக் குறைக்கப்பட்டது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால் ஆபத்து கூடும். லிஞ்ச் நோய்க்குறி போன்ற பரம்பரைக் கோளாறுகளில் அது பன்மடங்காகும். பெருங்குடலில் புண்களோடு நெடுநாள் நீடிக்கும் அழற்சியும், இடுப்புப் பகுதியில் முன்பு பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சையும் இவ்வரிசையில் சேரும்.

புகை, மது, உடற்பருமன், உட்கார்ந்தே கழியும் வாழ்க்கை ஆகியவை நம் கையில் உள்ளவை. உணவைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015-இல் சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணி என்றே வகைப்படுத்தியது. ஆட்டிறைச்சி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியை ‘பெரும்பாலும் காரணியாக இருக்கக்கூடியது’ என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது.